தேன்மொழி கோமு

அன்று வெயில் ஏறுவதற்குள்ளேயே வைரவநாதக் கவிராயர் ஒருவருக்குப் 'பொற்கொடி', இன்னொருவருக்குப் 'பூங்குழல்' கொடுத்துவிட்டார். ஒருவருக்கு 'மலைத்தோள்'. வாசலில் இன்னும் ஆட்கள் நின்றார்கள்.

பொத்தை என்கிற அந்தச் சிறு குன்றைச் சுற்றியுள்ள ஊர்களில் அது வழக்கம். யார் இறந்தாலும், கருமாதிக்கு முன்னால் வீட்டார் ஒருவர் பூவணத்தம்மையின் வீட்டுக்கு வருவார். இறந்தவரின் பெயரைச் சொல்லுவார். அம்மை அந்தப் பெயருக்கு முன்னால் வைக்க ஓர் அழகிய சொல்லைக் கொடுப்பாள். அதற்கு முன்சொல் என்று பெயர். வாங்கியவர் வீடு போய்ச் சேரும்வரை வாய் திறக்கக் கூடாது; திறந்தால் சொல் வழியிலேயே சிந்திப்போகுமாம். கருமாதிப் பந்தியில் உட்காருகிற ஒவ்வொருவரும் அந்தச் சொல்லையும் பெயரையும் சேர்த்து ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த மனிதரை வெறும் பெயரால் சொன்னால், செத்தவரைக் காலால் எத்தியது போல ஊர் பார்க்கும்.

கவிராயர் அம்மையின் சீடர். குருவைவிட வயதில் மூத்த சீடர். அவருக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அம்மையின் வயதுதான் இருக்கும். காலமெல்லாம் ஒரு ஜமீனில் பாட்டு எழுதிக்கொண்டிருந்தவர். ஜமீன்தாரின் தோள் முருங்கைக்காய் பருமன்தான்; அதை மலை என்று எழுதினார். அவர் வீட்டு நொண்டிக் குதிரையைக் காற்று என்று எழுதினார். எழுதி எழுதி ஒருநாள் அவருக்கே குமட்டிக்கொண்டு வந்தது. சரிகை அங்கவஸ்திரத்தைக் கொடியில் போட்டுவிட்டு இங்கே வந்து முற்றத்தில் உட்கார்ந்தார்.

"தாயே, சாகுததுக்குள்ள ஒரு சொல்லாவது உண்மையாச் சொல்லணும். கத்துக்குடுங்க."

நரைத்த தாடி கறுத்த கூந்தலிடம் பாடம் கேட்கிறது என்று ஊர் சிரித்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அம்மை பாடம் என்று எதையும் நடத்தவில்லை. வருகிறவர்களிடம் அவள் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னாள். அவள் கேட்கிற கேள்விகள் ஒரு தினுசாக இருக்கும். அவுகளுக்கு என்ன கறி பிடிக்கும்? யாரோட பேச்சுவார்த்தை இல்ல? தூங்கும்போது எந்தப் பக்கம் சாஞ்சு படுப்பாக? வந்தவர் முதலில் விழிப்பார். பிறகு சொல்ல ஆரம்பிப்பார். சொல்லிக்கொண்டே அழுவார், நடுவில் சிரித்தும்விடுவார். அம்மை கேட்டுக்கொண்டே இருப்பாள். சில நாள் சொல் எதுவும் கொடுக்காமல், "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவாள்.

ஒருமுறை ஊரறிந்த களவாளி ஒருவனுக்குச் சொல் கேட்டு அவன் பெண்டாட்டி வந்தாள். கூசிக் கூசி நின்றாள். அம்மை அரைநாள் அவளோடு பேசிவிட்டு 'மெல்லடி' என்று கொடுத்தாள். அன்னநடை நடக்கிற பெண்களுக்குப் புலவர்கள் கொடுக்கிற சொல் அது. அவனிடம் அண்டா குண்டான் பறிகொடுத்தவர்களெல்லாம் பந்தியில் உட்கார்ந்து, மெல்லடி மாசானம், மெல்லடி மாசானம் என்று சொல்லிச் சிரித்தார்கள். பெண்டாட்டியும் சிரித்தாள். அவன் செத்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

கவிராயருக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அதெல்லாம் ஊரில் சாவு எப்போதாவது வந்த காலத்துக் கதை. அந்த ஆண்டு வாந்திபேதி வந்தது.

அது சொல்லிக்கொண்டா வரும்? காலையில் உழப் போனவர் மாலையில் பாடையில் போனார். சில வீடுகளில் பாடை தூக்கக்கூட ஆளில்லாமல் போனது. அம்மையின் வாசலில் விடிந்தால் கூட்டம். பெயரைச் சொல்லுகிறவர்களுக்கு அழக்கூடத் தெம்பு இல்லை. அம்மை ஒவ்வொருவரிடமும் பழையபடியே கேட்டாள், கேட்டு முடிப்பதற்குள் இன்னும் பலர் வந்து நின்றார்கள். அவள் கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்தது. சாப்பாட்டுத் தட்டு அப்படியே காய்ந்து கிடந்தது.

ஒரு மத்தியானம் கவிராயருக்குப் பொறுக்கவில்லை.

"தாயே, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடக் கூடாது."

"கேளுங்க கவிராயரே."

"செத்தவுகளுக்கு இந்தச் சொல்லு காதுல விழப்போகுதா? பேரு இருக்கு. அது போதாதா? முன்னால ஒரு சொல்லு எதுக்கு? கறிவேப்பிலை மாதிரித்தான இது? வாசனைக்குப் போடுதோம், இலையில ஒதுக்கி வச்சிட்டு எந்திரிச்சுப் போறாக. அதுக்குப் போயி இப்படி உசுரக் குடுக்கணுமா?"

 அம்மை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்குக் காய்ச்சல் அடிக்குது கவிராயரே. நாளையிலேருந்து நீங்க உக்காருங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லலையே தாயே."

"உக்காந்து பாருங்க" என்றாள் அம்மை. எழுந்து உள்ளே போய்ப் பாயில் படுத்துவிட்டாள்.

அப்படித்தான் கவிராயர் அந்த இடத்தில் உட்கார்ந்தார். முதல் இரண்டொரு நாள் அவரும் கேட்டுத்தான் பார்த்தார். என்ன கறி, யாரோடு பகை, எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பார். கேட்ட கதைகளெல்லாம் அவருடைய நெஞ்சில் இறங்கி உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மறுத்தன. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி, பிள்ளை மாங்கொட்டையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததைச் சொன்னாள். அதன் பிறகு அவரால் அன்று சோறு தின்ன முடியவில்லை. எத்தனை பேருக்காக ஒரு மனிதன் அழ முடியும்?

ஆகவே அவர் கேட்பதை நிறுத்தினார். ஜமீன் காலத்துச் சொற்கள் கைவசம் இருந்தன. பெண்கள் என்றால் பொற்கொடி, பூங்குழல், சேயிழை, தேன்மொழி. ஆண்கள் என்றால் மலைத்தோள், கார்வண்கை, சிங்கநடை. ஒன்றன் பின் ஒன்றாகச் சுற்றுக்கு விட்டார். கடைசிச் சொல் வந்ததும் மறுபடி முதல் சொல். பெண்ணா ஆணா என்பதோடு கேள்வி முடிந்தது. வந்தவர்களும் சொல்லை வாங்கிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, வந்த வழியே போனார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. அலுப்பு வந்த மனிதனுக்கு முதலில் மூடுவது காது. கவிராயருக்குக் காது மூடியதே தெரியவில்லை. வேலை சுளுவாகிவிட்டது என்றுதான் நினைத்தார்.

அப்படி ஒரு காலையில்தான் கொடிக்கால்குளத்துச் சிவனணைஞ்சான் வந்து நின்றார். வெற்றிலைக் கொடிக்கால் போட்டுப் பிழைக்கிறவர். கையும் காலும் மண் நிறம். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"வீட்டுக்காரி தவறிட்டா, அய்யா."

"பேரு?"

"கோமு."

சிவனணைஞ்சான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கவிராயரின் கண் அவருக்குப் பின்னால் நின்றவர்களின் மேல் போய்விட்டது. சேயிழை சற்று முன்புதான் போயிருந்தது.

"தேன்மொழி" என்றார் கவிராயர். "தேன்மொழி கோமு. வீடு போற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. போயிட்டு வாங்க."

சிவனணைஞ்சான் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். உதடு துடித்தது. சொல் கையில் விழுந்த பிறகு பேச முடியாதே. கும்பிடக்கூடச் செய்யாமல் திரும்பி நடந்தார். பாவம், துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று கவிராயர் நினைத்தார். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

சில நாள் கழித்துக் கொடிக்கால்குளத்திலிருந்து இன்னொருவர் வந்தார். பூதத்தான் என்று பெயர். தன் சித்தப்பாவுக்குச் சொல் கேட்டு வந்தவர். துக்கத்துக்கு வந்த முகமாக இல்லை. அடக்க முடியாமல் ஏதோ ஒன்று கன்னத்தைப் பிதுக்கிக்கொண்டிருந்தது.

"என்னவே சிரிப்பு?" என்றார் கவிராயர்.

"ஒண்ணுமில்ல அய்யா. எங்க சித்தப்பனுக்குக் கண்ணு ரெண்டும் தெரியாது. செந்தாமரைக்கண்ணன்னு குடுத்துராதீக."

"நான் எதுக்குய்யா அப்படிக் குடுக்கேன்?"

"ஊமைச்சிக்குத் தேன்மொழின்னு குடுத்தீகளே!" பூதத்தானுக்கு உடைத்துக்கொண்டது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "ஊரே வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கி அய்யா. பொறந்ததுலேருந்து ஒரு சொல்லு பேசாதவ அவ. நாளைக்குக் கருமாதி. அந்த மனுசன் பந்தியில உக்காந்து இத எப்படிச் சொல்லப்போறாரோ!"

கவிராயருக்குக் காது குப்பென்று அடைத்து, பிறகு திறந்தது. வாசலில் நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார். அம்மை பாயில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது.

"தாயே, பெரிய தப்பு பண்ணிட்டேன்."

நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. சுற்றுக்கு விட்டதையும் சொன்னார். அம்மை கண்ணைத் திறக்காமலேயே கேட்டாள்.

"கருமாதி என்னைக்கு?"

"நாளைக்கு."

"பந்தியில சொல்லிட்டா மாத்த முடியாது. இன்னைக்கே போங்க."

"என்ன சொல்லு குடுக்கட்டும் தாயே?"

"இத்தன பேருக்குக் குடுத்தீகளே. என்னையக் கேட்டா குடுத்தீக?" என்று சொல்லிவிட்டு அம்மை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கொடிக்கால்குளத்துக்கு நல்ல தூரம். உச்சி வெயில். கவிராயரின் கால் செருப்புக்குள் வெந்தது. வழியில் இரண்டு இடத்தில் சிதைப் புகை எழுந்துகொண்டிருந்தது. எதிரே வந்த பாடைக்கு ஒதுங்கி நின்றார். ஜமீனில் இருந்தபோது பல்லக்கு வரும். இப்போது தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட வழியில் ஒருவரும் வெளியே தலைகாட்டவில்லை. வயசான காலத்தில் இதெல்லாம் தேவையா என்று ஒரு மனம் முனகியது. அதையும் இழுத்துக்கொண்டு நடந்தார்.

நடக்க நடக்க, அவர் அந்தப் பெண்ணை நினைத்துப் பார்த்தார். முகம் தெரியாது. பேசாதவள் என்பது மட்டும் தெரியும். பேசாமல் ஒரு வாழ்க்கை முழுவதும் இருந்தவள். அவளுக்கு என்ன சொல் தகும்? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கீழே போட்டார். குளத்துக் கரை வந்தபோது ஒரு சொல் வந்து விழுந்தது.

'மோனமொழி.'

நின்றுவிட்டார். பேச்சைக் கடந்த பேச்சு. ஞானிகளுக்கு மட்டும் வாய்க்கிற மொழி. எத்தனை வருஷத்துக்குப் பிறகு இப்படி ஒரு சொல்! உண்மையான சொல். யாருக்கும் கொடுக்காத சொல். அவருக்குக் கண் கலங்கியது. செய்த தப்புக்கு நூறு மடங்காகப் பரிகாரம் கிடைத்துவிட்டதென்று காலில் புது வேகம் வந்தது.

சிவனணைஞ்சான் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பந்திக்கு வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தார். கவிராயரைக் கண்டதும் எழுந்து, துண்டால் ஒரு பலகையைத் தட்டிப் போட்டார். உள்ளேயிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்தார். கவிராயர் தண்ணீரைத் தொடவில்லை.

"அய்யா, உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"மொதல்ல தண்ணியக் குடிங்க. மூஞ்சி கறுத்துப்போயிருக்கு."

குடித்தார்.

"விசாரிக்காமச் சொல்லு குடுத்திட்டேன். எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லுததும் பொய்யி. நீங்க சொல்ல வந்தீக, நான் கேக்கல. அந்தச் சொல்ல எடுத்துக்கிடுதேன். அவுகளுக்குன்னே வேற சொல்லு கொண்டாந்திருக்கேன்."

"சொல்லுங்க."

"மோனமொழி" என்றார் கவிராயர். ஜமீன் சபையில் பாட்டின் கடைசி அடியைச் சொல்லுகிற குரல் தானாகவே வந்துவிட்டது. "மோனமொழி கோமு."

சிவனணைஞ்சான் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒரு தடவை உருட்டிப் பார்த்தார்.

"அப்படின்னா என்ன அய்யா?"

"பேசாத மொழி. சாமியார்கள், சித்தர்களுக்குத்தான் அந்தச் சொல்லு வரும். பேச வேண்டிய தேவையே இல்லாதவுகன்னு அர்த்தம்."

"அவளுக்குப் பேசணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு" என்றார் சிவனணைஞ்சான்.

கவிராயர் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார்.

"சின்னப் புள்ளைக கிட்டப் போயி வாய அசைச்சு அசைச்சுப் பாப்பா. அதுக சிரிக்கும். வெலகி வந்துருவா." அவர் ஓர் இலையை எடுத்துக் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து அடுக்கினார். "அய்யா, கோவிச்சுக்கிடாதீக. இந்த ஊர்ல அவள எல்லாரும் ஊமைச்சின்னுதான் சொன்னாங்க. நீங்களும் அதத்தான் சொல்லுதீக. அவுக கந்தையில சுத்திச் சொன்னாக, நீங்க பட்டுல சுத்திக் கொண்டாந்திருக்கீக."

கவிராயரின் மோனமொழி அங்கேயே செத்து விழுந்தது.

"அப்ப நீங்களே சொல்லுங்க" என்றார் மெதுவாக. "எந்தச் சொல்லு வேணும்னாலும் தாரேன்."

"அதான் குடுத்திட்டீகளே."

"அது தப்புச் சொல்லுய்யா. பூதத்தான் சொன்னான். ஊரே சிரிக்குதாம்."

"நானும் அன்னைக்கு அப்படித்தான் நெனச்சேன். கேலி பண்ணுதாருன்னு நெனச்சேன். உங்க சட்டையப் புடிச்சுக் கேட்டிருப்பேன். வாயத் தொறக்கக் கூடாதே! அந்த வழக்கம் அன்னைக்கு உங்களக் காப்பாத்திச்சு." சிவனணைஞ்சான் லேசாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "வாய மூடிக்கிட்டே நடந்து வந்தேன். எதிர்ல தெரிஞ்ச ஆளு ஒருத்தர், 'எங்க போயிட்டு வாரீரு'ன்னு கேட்டாரு. பதில் சொல்ல முடியல. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் போயிட்டாரு. தண்ணி தவிச்சுச்சு. ஒரு வீட்டு வாசல்ல நின்னு கையக் காட்டிக் கேட்டேன். உள்ள இருந்த பயலுக, 'யாருடே இது, ஊமையா?'ன்னு சிரிச்சானுக. ஒருத்தன் நான் செஞ்ச மாதிரியே கையக் காட்டிச் செஞ்சான்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"இத்தன வருசம் கூட இருந்தேன் அய்யா. அன்னைக்குத்தான் அவ நடந்த வழியில நடந்தேன். ரோட்டோரத்துல உக்காந்து அழுதேன். சத்தம் வரக்கூடாதுன்னு துண்ட வாயில வச்சுக்கிட்டு அழுதேன்."

முற்றத்தில் ஒரு கோழி இலைக்கட்டைக் கொத்த வந்தது. அவர் அதை விரட்டக்கூட இல்லை.

"கொடிக்கால் அந்தக் கோடியில நான் நிப்பேன். அவ இந்தக் கோடியில நின்னு வாளியத் தட்டுவா. ரெண்டு தட்டுன்னா கஞ்சி கொண்டாந்திருக்கான்னு அர்த்தம். ஒத்தத் தட்டுன்னா எம்மேல கோவம். ஊர்க்காரங்களுக்கு அது வெறுஞ் சத்தம். இப்பவும் கொடிக்கால்ல நிக்கும்போது காது அங்கதான் போகுது." அடுக்கிய இலைகளை ஒரு தடவை நேராக்கினார். "நாளைக்கு வாரவுக அத்தன பேரும் தேன்மொழி கோமுன்னு வாயாரச் சொல்லணும். சொல்லாமச் சோத்துல கை வைக்க முடியாதுல்லா?"

"முடியாது."

"சிரிக்கிறவன் சிரிக்கட்டும். சிரிச்சுக்கிட்டே சொல்லட்டும். அத மாத்தாதீக அய்யா. உங்க காலப் புடிச்சுக் கேக்கேன்."

அவர் குனிவதற்குள் கவிராயர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மண் காய்ந்த கை. அதைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே இருந்தார்.

அன்றைக்கு அவர் திரும்பிப் போகவில்லை. மறுநாள் குளத்தங்கரையில் காரியம் முடிந்து, வீட்டு முற்றத்தில் பந்தி போட்டார்கள். நோய்க்குப் பயந்து பலர் வரவில்லை. வந்தவர்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். சிவனணைஞ்சான் எல்லோருக்கும் எதிரே கைகட்டி நின்றார்.

முதல் வரிசையில் முதல் ஆள் பூதத்தான். அவர் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "தேன்மொழி..." என்று ஆரம்பித்தார். சிரிப்பு வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பூதத்தான் அதற்கு மேலே போகவில்லை. முகத்தில் ஒரு திகைப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவன் காதில் குனிந்து கேட்டார்:

"ஏலே, ஊமைச்சி பேரு என்ன?"

அவனுக்கும் தெரியவில்லை. அவன் அடுத்தவனைக் கேட்டான். வரிசை முழுவதும் கேள்வி போனது. அடுத்த தெருவில் காலமெல்லாம் வாழ்ந்தவர்கள், அவள் நட்ட வெற்றிலையைப் போட்டு வாய் சிவந்தவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பெண்கள் வரிசையில் ஒருத்தி, "கோமு" என்றாள். பெயர் வாய்க்கு வாயாகத் திரும்பி வந்தது.

"தேன்மொழி கோமு" என்றார் பூதத்தான். குனிந்துகொண்டு சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கிணற்றடியில் அவளைப் பார்த்து வாயைக் கோணிக் காட்டிய ஒருத்தி, சொல்லை முடிக்க முடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, முடிக்கும்வரை காத்திருந்தார்கள். சிவனணைஞ்சான் ஒரு வாய் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாயும் திறக்கும்போது அவர் தலை லேசாக அசைந்தது.

கடைசியாகக் கவிராயரின் முறை வந்தது. எத்தனையோ சபைகளில் எத்தனையோ பெண்களை அந்தச் சொல்லால் பாடியவர். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார். உதடு மட்டும் அசைந்தது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். சிவனணைஞ்சான் அருகில் வந்து குனிந்து, "மெதுவாச் சொல்லுங்க அய்யா, அவசரமில்ல" என்றார்.

அவர் சொன்னார். சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். உப்பு உறைப்பு எதுவும் தெரியவில்லை.

சாயங்காலம் அவர் அம்மையின் வீட்டுக்குத் திரும்பியபோது அவளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. பாயில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். கவிராயர் எதிரே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார். 

"கண்ண மூடிக்கிட்டுக் குடுத்த சொல்லு தாயே அது" என்றார் கடைசியில். "நெஞ்சத் தொட்டு, நடந்து நடந்து தேடிக் கொண்டுபோன சொல்ல அவரு வேண்டாம்னுட்டாரு. நான் பாக்காம வீசுனத எடுத்து வச்சுக்கிட்டாரு. எனக்கு இது வெளங்கல."

அம்மை கஞ்சியைக் கீழே வைத்தாள்.

"அந்தச் சொல்ல இதுக்கு முந்தி யாருக்கெல்லாம் குடுத்தீக?"

கவிராயர் யோசித்தார். "அதுக்கு ஏது கணக்கு! ஜமீன்தார் மக ரெண்டு பேருக்கும் குடுத்தேன். சதிராட வந்தவுகளுக்குக் குடுத்தேன். ஜமீன்தாரோட தாயாருக்கு ஒரு நூறு பாட்டுலயாவது குடுத்திருப்பேன். அந்தம்மா வாயத் தொறந்தா காது கூசும். இந்த நோய்க் காலத்துலயும், சுத்துல வாரப்பல்லாம் குடுத்தேன்."

"இப்ப அதுல யாரையாவது அந்தச் சொல்லு வச்சு உங்களுக்கு ஞாபகம் வருதா?"

அவர் தேடினார். ஒரு முகமும் வரவில்லை.

"இல்ல தாயே."

வாசலில் யாரோ இருமினார்கள். தங்கைக்குச் சொல் கேட்டு வந்த ஒருவர் காலையிலிருந்து காத்துக் கிடந்தார். கவிராயர் எழுந்தார். கதவருகே போய்த் தயங்கி நின்றார்.

அம்மை அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

"அத்தன பேருக்கும் குடுத்தீக, கவிராயரே. இவ ஒருத்திதான் வாங்கிக்கிட்டா. இனிமே அத யாருக்கும் குடுக்காதீக."